ஷாட்கன், கிரியோல், கேமல்பேக்: லூசியானாவின் பழைய வீடுகள் ஏன் இப்படிக் கட்டப்பட்டன?

2005 ஆகஸ்ட் 29. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தை கத்ரீனா புயல் தாக்கிய நாள். நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காக்க வேண்டிய வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்தன. நகரத்தின் சுமார் 80 சதவீத பகுதி தண்ணீருக்குள் போனது. அந்தப் புயலில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர்.

தண்ணீர் வடிந்து மக்கள் வீடு திரும்பியபோது ஒரு விஷயம் பளிச்சென்று கண்ணில் பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தரையோடு தரையாக கான்கிரீட் தளம் போட்டுக் கட்டிய வீடுகளில், சுவரில் பதித்த ஜிப்சம் அட்டைகள் ஊறிப்போய் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. அத்தனையையும் பிய்த்தெடுத்து வீதியில் குவிக்க வேண்டியிருந்தது.

அதே நகரத்தில் 100, 150, 200 ஆண்டு பழைய வீடுகள் பலவற்றுக்குள் தண்ணீரே போகவில்லை. தண்ணீர் புகுந்த பழைய வீடுகளிலும், காய்ந்த பிறகு மரச்சட்டங்கள் உறுதியாகவே நின்றன.

அப்படி என்னதான் செய்து வைத்தார்கள் அந்தக் காலத்து ஆட்கள்? லூசியானாவின் பழைய வீடுகளில் எத்தனை வகை, ஒவ்வொன்றையும் யார் கட்டினார்கள், இன்று அவற்றுக்கு என்ன ஆபத்து? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

லூசியானா யார் யார் கையில் இருந்தது?

வீடுகளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் முதலில் கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும்.

மிசிசிப்பி ஆறு மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும் இடத்தில் இருக்கிறது லூசியானா. 1718-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே நியூ ஆர்லியன்ஸ் நகரை உருவாக்கினார்கள். 1760-களில் அது ஸ்பெயின் கைக்குப் போனது. பிறகு மீண்டும் பிரான்ஸ் கைக்கு வந்து, 1803-ல் 1.5 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்கப்பட்டது. இன்றைய லூசியானா மட்டுமில்லை, மிசிசிப்பிக்கு மேற்கே பரந்து கிடந்த பெரும் நிலப்பரப்பும் அந்த விற்பனையில் சேர்த்தி. 1812-ல் லூசியானா அமெரிக்காவின் 18-வது மாநிலமானது.

இதற்கிடையில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், கனடாவிலிருந்து விரட்டப்பட்ட பிரெஞ்சு மொழி பேசும் விவசாயிகள், கரீபியன் தீவுகளிலிருந்து தப்பி வந்தவர்கள் என்று பலரும் இங்கே வந்து சேர்ந்தார்கள். எல்லோருக்கும் ஒரே சேற்று நிலம், ஒரே வெயில், ஒரே மழை. அவரவருக்குத் தெரிந்த வீட்டை இந்த மண்ணுக்கு ஏற்றமாதிரி மாற்றிக் கட்டினார்கள். அதனால்தான் மற்ற அமெரிக்க மாநிலங்களில் பார்க்க முடியாத வீடுகளை இங்கே பார்க்க முடிகிறது.

முதல் பாடம்: வீட்டைத் தூக்கிக் கட்டு

தொடக்க காலத்தில் வந்த பிரெஞ்சுக்காரர்கள், மரத்தூண்களை நேராக மண்ணில் நட்டு வீடு கட்டினார்கள். ஈர மண்ணில் மரம் சில ஆண்டுகளிலேயே உளுத்துப்போனது. 1722 செப்டம்பரில் வந்த புயல், புதிதாக முளைத்திருந்த நியூ ஆர்லியன்ஸின் பெரும்பாலான கட்டடங்களைத் தரைமட்டமாக்கியது.

அடுத்து கட்டியவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். மரச்சட்டத்தை மண்ணில் படாமல், செங்கல் கால்கள் மேல் தூக்கி வைத்தார்கள். வசதியானவர்கள் கீழ்த்தளம் முழுவதையும் செங்கல்லில் கட்டி, அதைப் பொருட்கள் வைக்க மட்டும் பயன்படுத்தினார்கள். குடும்பம் மேல்தளத்தில் வாழ்ந்தது. வெள்ளம் வந்தால் சரக்கு நனையும், ஆட்கள் நனைய மாட்டார்கள். அதுதான் கணக்கு.

தூக்கிக் கட்டியதில் இன்னொரு லாபமும் உண்டு. வீட்டுக்கு அடியில் காற்று ஓடும். தரைப்பலகை ஈரம் கோக்காது.

கூடவே வந்தது அகலமான தாழ்வாரம். அங்கே இதை 'கேலரி' என்கிறார்கள். ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர் நியூ ஆர்லியன்ஸ். கோடையில் புழுக்கம் தாங்காது. தாழ்வாரக் கூரை வெளியே நீண்டிருந்தால் சுவரில் சாரல் அடிக்காது, வெயில் நேராக விழாது, மழை நேரத்திலும் ஜன்னலைத் திறந்து வைக்கலாம்.

சுவருக்குள் என்ன இருக்கிறது?

லூசியானாவில் கல் கிடையாது. சேறும் மரமும்தான் இருந்தன. ஆகவே சைப்ரஸ் மரத்தில் சட்டம் அடித்து, இடைவெளிகளை இரண்டு வழிகளில் நிரப்பினார்கள்.

முதல் வழி, 'பூசியாஜ்'. களிமண்ணோடு 'ஸ்பானிஷ் மாஸ்' என்ற செடியைக் கலந்து பிசைந்து, சட்டத்துக்கு நடுவே அப்புவார்கள். மரக்கிளைகளில் நரைத்த தாடி மாதிரித் தொங்கும் நார்ச்செடி இது. மண் காயும்போது வெடிக்காமல் இந்த நார் பிடித்துக்கொள்ளும். சில இடங்களில் இதற்குப் பதிலாக விலங்கு ரோமமும் சேர்த்தார்கள்.

இரண்டாவது வழி, சட்டங்களுக்கு நடுவே செங்கல் அடுக்குவது. உள்ளூர்ச் செங்கல் அவ்வளவு கெட்டி இல்லை, மழையில் கரையும். அதனால் மேலே சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். நியூ ஆர்லியன்ஸின் போர்பன் தெருவில் இன்று மதுக்கூடமாக இயங்கும் 'லஃபீட் பிளாக்ஸ்மித் ஷாப்' என்ற 18-ம் நூற்றாண்டுக் கட்டடத்தில், பூச்சு உதிர்ந்த இடங்களில் மரச்சட்டமும் செங்கல்லும் அப்படியே தெரிகின்றன.

சட்டத்துக்குப் பயன்பட்ட சைப்ரஸ், சதுப்பு நிலத்தில் வளரும் மரம். முற்றிய சைப்ரஸின் வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது, தண்ணீரும் எளிதில் அழிக்காது. கத்ரீனாவுக்குப் பிறகு பழைய வீடுகள் நின்றதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஆனால் பழைய சைப்ரஸ் காடுகள் 1880-களில் தொடங்கி 1920-களுக்குள் கிட்டத்தட்ட முழுசாக வெட்டித் தீர்க்கப்பட்டன. அந்தத் தரத்தில் மரம் இன்று புதிதாகக் கிடைப்பது அரிது. பழைய வீடு ஒன்று இடிக்கப்பட்டால் அந்த மரமும் அதோடு போகிறது.

கிரியோல் காட்டேஜ்: நடைவழியே இல்லாத வீடு

'கிரியோல்' என்றால் இங்கே காலனியில் பிறந்தவர்கள் என்று பொருள். வெள்ளையர், கறுப்பினத்தவர், கலப்பினத்தவர் எல்லோருக்கும் இந்தச் சொல் பயன்பட்டது.

கிரியோல் காட்டேஜ் கிட்டத்தட்ட சதுரமான வீடு. முன்னால் இரண்டு அறை, பின்னால் இரண்டு அறை. நடுவே நடைவழி கிடையாது. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நேராகப் போகலாம். பின்பக்கம் இரண்டு மூலைகளிலும் சின்ன அறைகள் இருக்கும். ஒன்றில் மாடிக்குப் போகும் ஏணிப்படி, இன்னொன்றில் சாமான்கள்.

நகரத்தில் இந்த வீடுகள் தெருவை ஒட்டியே நிற்கும். முன்முற்றம் இல்லை. முகப்பில் நான்கு திறப்புகள், ஒவ்வொன்றுக்கும் கெட்டியான மரக் கதவடைப்பு. புயல் வந்தால் மூடலாம், வெயில் நேரத்தில் பாதி சாத்தலாம். குடும்பத்தின் அந்தரங்க இடம் எல்லாம் பின்னால் உள்ள முற்றத்தில்தான்.

நியூ ஆர்லியன்ஸின் ட்ரேமே, மரின்யி பகுதிகளில் இந்த வீடுகள் நிறைய உண்டு. அடிமைமுறை அமலில் இருந்த அதே காலத்தில், சட்டப்படி சுதந்திரம் பெற்ற கறுப்பினத்தவர்கள் இங்கே சொந்தமாக மனை வாங்கி வீடு கட்டினார்கள். அவர்களில் பெண்களும் கணிசமாக இருந்தார்கள். அமெரிக்காவின் மிகப் பழைய கறுப்பினக் குடியிருப்புகளில் ஒன்று ட்ரேமே.

இரண்டு தீ விபத்துகள் மாற்றிய நகரம்

நியூ ஆர்லியன்ஸின் பழைய மையப் பகுதிக்கு 'பிரெஞ்ச் குவார்ட்டர்' என்று பெயர். ஆனால் அங்கே பிரெஞ்சு ஆட்சிக் காலக் கட்டடங்கள் மிகக் குறைவு. காரணம், தீ.

1788 மார்ச் 21, புனித வெள்ளி. பரவிய தீயில் 850-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. ஊர் எழுந்து நிற்பதற்குள், 1794 டிசம்பரில் இன்னொரு தீ, மேலும் 200-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. அப்போது ஆட்சி ஸ்பெயினுடையது. மரப்பலகைக் கூரை வேண்டாம், செங்கல்லும் பூச்சும் ஓடும்தான் என்று விதி போட்டார்கள்.

அதன்பின் வந்ததுதான் 'கிரியோல் டவுன்ஹவுஸ்'. கீழே கடை, மேலே வீடு. தெருவிலிருந்து வளைவு வாசல் வழியாக உள்ளே போனால் திறந்த முற்றம். அதைச் சுற்றி சமையலறை, வேலைக்காரர்களும் அடிமைகளும் தங்கிய பகுதி.

சுற்றுலாப் படங்களில் வரும் இரும்புப் பூவேலை மாடங்கள் இன்னும் பிந்தியவை. 1849 முதல் 1851 வரை மிக்கேலா போந்தால்பா என்ற பெண்மணி, ஜாக்சன் சதுக்கத்தின் இரண்டு பக்கமும் நீண்ட செங்கல் கட்டட வரிசைகளைக் கட்டினார். வார்ப்பிரும்பு மாடங்கள் ஊரெங்கும் பரவ அவை பெரிய காரணம். அந்த இரும்பு வேலைப்பாட்டில் அவரது குடும்பப் பெயர்களின் முதல் எழுத்துகளை இன்றும் பார்க்கலாம்.

1788 தீக்குப் பிறகு உடனே கட்டிய ஒரு வீடு இன்றும் நிற்கிறது. டுமேன் தெருவில் உள்ள 'மேடம் ஜான்ஸ் லெகசி'. செங்கல் கீழ்த்தளம், மேலே மரச்சட்ட வீடு, முன்னால் தாழ்வாரம். ஆட்சி ஸ்பெயினுடையது, கட்டியவர் அமெரிக்கர், ஆனால் வீட்டின் அமைப்பு பழைய பிரெஞ்சு பாணி. ஊரின் கதை மொத்தமும் ஒரே வீட்டில்!

கேஜன் வீடு: பையன்களுக்குத் தனி மாடி

1755-ல், இன்று கனடாவில் இருக்கும் அகேடியா பகுதியிலிருந்து பிரெஞ்சு மொழி பேசும் மக்களை பிரிட்டிஷார் வெளியேற்றத் தொடங்கினார்கள். குடும்பம் குடும்பமாகச் சிதறியவர்களில் பலர் 1760-களில் லூசியானா வந்தார்கள். 'அகேடியன்' என்ற சொல்தான் பேச்சில் 'கேஜன்' ஆனது.

தென் லூசியானாவின் நீரோடைக் கரைகளில் அவர்கள் சின்ன வீடுகளைக் கட்டினார்கள். சைப்ரஸ் சட்டம், பூசியாஜ் சுவர், செங்குத்தான கூரை, முன்னால் தாழ்வாரம். இந்த வீட்டை அடையாளம் காண ஒரு எளிய வழி உண்டு. மாடிப்படி வீட்டுக்குள் இருக்காது, முன் தாழ்வாரத்திலேயே இருக்கும். அதில் ஏறினால் கூரைக்கு அடியில் ஒரு அறை. வயது வந்த பையன்கள் தூங்குவது அங்கேதான். லாஃபயெட் நகரில் உள்ள வெர்மிலியன்வில் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இத்தகைய வீடுகளை நேரில் பார்க்கலாம்.

வட லூசியானா: நடுவே காற்றுப்பாதை

மாநிலத்தின் வடபகுதி வேறு உலகம். மேட்டு நிலம், பைன் காடுகள். இங்கே வந்தவர்கள் அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களிலிருந்து நகர்ந்து வந்த ஆங்கிலம் பேசும் விவசாயிகள்.

அவர்கள் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டியது 'டாக்ட்ராட்' வீடு. இரண்டு அறைகள், நடுவே முன்னும் பின்னும் திறந்த ஒரு வழி, மேலே எல்லாவற்றையும் மூடும் ஒரே கூரை. நாய் நடுவழியாக ஓடிப்போகலாம் என்பதால் இந்தப் பெயர். அந்த நடுவழியில் எப்போதும் காற்று வரும். சாப்பாடு, வேலை, பேச்சு எல்லாம் அங்கேதான். டுபாக் ஊரில் 1849-ல் கட்டிய ஆட்ரி இல்லம் இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு.

வெள்ளைத் தூண் மாளிகைகளைக் கட்டியது யார்?

லூசியானா என்று இணையத்தில் தேடினால் முதலில் வருவது மிசிசிப்பிக் கரையின் தோட்ட மாளிகைகள். குறிப்பாக, வாச்சரி ஊரில் 1830-களில் கட்டிய 'ஓக் ஆலி'. முன்னால் 28 ஓக் மரங்கள், வீட்டைச் சுற்றி 28 தூண்கள். கிரேக்கக் கோயில் மாதிரி தோற்றம் கொண்ட இந்தப் பாணி அப்போது அமெரிக்கா முழுக்க மோகமாக இருந்தது. ஆனால் தூண்களுக்குப் பின்னால் பார்த்தால், அதே பழைய அகலத் தாழ்வாரம்தான்.

இந்த மாளிகைகளுக்கான பணம் கரும்பிலிருந்து வந்தது. கரும்பு வெட்டியவர்களும் செங்கல் சுட்டவர்களும் மரம் அறுத்தவர்களும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள்.

ஆவணம் உள்ள ஒரு வீடு இதைத் தெளிவாகச் சொல்கிறது. நியூ ஆர்லியன்ஸுக்கு மேலே ஆற்றங்கரையில் உள்ள டெஸ்ட்ரஹான் மாளிகைக்கு 1787-ல் ஒப்பந்தம் போடப்பட்டது. கட்டியவர் சார்லஸ் பாக்கெட் என்ற சுதந்திரக் கறுப்பினத் தலைமைத் தச்சர். அவருக்குப் பேசிய கூலி என்ன தெரியுமா? ஒரு அடிமை, ஒரு பசுவும் கன்றும், நெல், சோளம், கூடவே 100 டாலர். மனிதரையும் மாட்டையும் ஒரே பட்டியலில் எழுதிய ஒப்பந்தம் அது.

இதே மாளிகையில்தான் 1811-ல் அடிமைகள் நடத்திய பெரும் கிளர்ச்சிக்குப் பிறகு, பிடிபட்டவர்கள் மீது விசாரணை நடந்தது.

மாளிகைகள் பல பாதுகாக்கப்பட்டன. அடிமைகள் வாழ்ந்த குடில்களோ பெரும்பாலும் அழிந்துவிட்டன. எவர்கிரீன் தோட்டத்தில் 22 குடில்கள் இன்றும் பழைய வரிசையிலேயே நிற்பது அபூர்வம். 2014 டிசம்பரில் திறந்த விட்னி தோட்ட அருங்காட்சியகம், மாளிகை முதலாளிகளின் கதையை ஓரமாக வைத்து, அடிமைகளாக இருந்தவர்களின் வாழ்க்கையை மையமாக வைத்துச் சொல்கிறது.

நாக்கிடிஷ் பகுதியிலுள்ள மெல்ரோஸ் தோட்டம் இன்னொரு விதம். அதை உருவாக்கியது அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட மரி தெரேஸ் கோயின்கோயின் என்ற பெண்ணின் குடும்பம். அங்கே 'ஆப்பிரிக்கன் ஹவுஸ்' என்ற கட்டடத்தின் கூரை, சுவரைத் தாண்டிப் பல அடி வெளியே நீள்கிறது. அதன் உள்சுவர்களில் உள்ள ஓவியங்களை 1955-ல் வரைந்தவர், அந்தத் தோட்டத்தில் வயல் வேலையும் சமையல் வேலையும் பார்த்த கிளமென்டைன் ஹன்டர்.

ஷாட்கன் வீடு: ஏழைகளின் வீடு, ஊரின் முகம்

இப்போது நியூ ஆர்லியன்ஸின் மிகப் பிரபலமான வீட்டுக்கு வருவோம்.

ஷாட்கன் வீடு, ஒரே ஒரு அறை அகலம்தான். சுமார் 12 அடி. அறைகள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். நடைவழி இல்லை. கடைசி அறைக்குப் போக எல்லா அறைகளையும் கடக்க வேண்டும். முன்வாசலில் நின்று துப்பாக்கியால் சுட்டால் குண்டு எதிலும் படாமல் பின்வாசல் வழியே போய்விடும் என்பதால் 'ஷாட்கன்' என்று பெயர் வந்ததாக ஊரில் சொல்வார்கள்.

நாட்டாரியல் ஆய்வாளர் ஜான் மைக்கேல் விளாக் 1970-களில் வேறொரு விளக்கம் தந்தார். இந்த வீட்டின் வேர் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது, அங்கிருந்து ஹைட்டி வழியாக இங்கே வந்தது என்றார் அவர். கூடும் இடம் என்று பொருள்படும் ஓர் ஆப்பிரிக்கச் சொல்லே 'ஷாட்கன்' என்று திரிந்திருக்கலாம் என்றும் சொன்னார்.

இதற்கு வரலாற்றுப் பின்னணியும் உண்டு. ஹைட்டிப் புரட்சியில் தப்பி கியூபாவில் தங்கியிருந்தவர்களில் சுமார் 9,000 பேர் 1809-ல் நியூ ஆர்லியன்ஸ் வந்தார்கள். ஊரின் மக்கள்தொகை ஏறக்குறைய இரு மடங்கானது. வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆப்பிரிக்க வம்சாவளியினர்.

ஊரின் மனைகள் குறுகலாகவும் நீளமாகவும் இருந்ததுதான் முக்கிய காரணம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. இரண்டும் சேர்ந்தே வேலை செய்திருக்கலாம்.

19-ம் நூற்றாண்டின் கடைசியில் மர ஆலைகள் பெருகியதும் இந்த வீடுகள் மளமளவென்று எழுந்தன. துறைமுகத் தொழிலாளி, துணி துவைப்பவர், இசைக்கலைஞர் என்று வாடகைக்கு வாழ்ந்தவர்கள் ஏராளம். ஆற்றில் சரக்கு கொண்டுவந்த மரப்படகுகளைப் பிரித்து, அந்தப் பலகையிலேயே சுவர் அடித்த வீடுகளும் உண்டு.

இதிலேயே சில வகைகள்:

டபுள் ஷாட்கன் - இரண்டு ஷாட்கன் வீடுகள் ஒட்டிப் பிறந்த மாதிரி. நடுவே ஒரே சுவர், இரண்டு குடும்பங்கள். ஒரு பக்கம் உரிமையாளர் இருந்துகொண்டு மறுபக்கத்தை வாடகைக்கு விடலாம்.

கேமல்பேக் - முன்னால் ஒரு தளம், பின்பகுதியில் மட்டும் இரண்டு தளம். பக்கவாட்டில் பார்த்தால் ஒட்டகத் திமில் மாதிரி இருக்கும்.

பக்கத் தாழ்வார ஷாட்கன் - வீட்டின் நீளவாக்கில் ஒரு பக்கம் தாழ்வாரம். மற்ற அறைகளைக் கடக்காமலே கடைசி அறைக்குப் போகலாம்.

அறைகள் ஒரே வரிசை என்பதால் முன்னும் பின்னும் கதவைத் திறந்தால் காற்று நேராக ஓடும். உயரமான உள்கூரை வெப்பத்தை மேலே தள்ளும். முன்படிக்கட்டில் உட்கார்ந்தால் தெருவே திண்ணை. தெரு வாழ்க்கையும் இசையும் ஒன்றோடொன்று கலந்தது இந்தப் படிக்கட்டுகளில்தான். ஜாஸ் இசையின் முன்னோடி படி போல்டன் வாழ்ந்தது ஒரு டபுள் ஷாட்கன் வீட்டில்.

பணக்காரர்கள் எங்கே போனார்கள்?

1803-க்குப் பிறகு வந்த அமெரிக்க வியாபாரிகள் பிரெஞ்ச் குவார்ட்டருக்குள் போகவில்லை. ஆற்றின் மேல்பக்கம் தனிக் குடியிருப்புகளை உருவாக்கினார்கள். இன்றைய 'கார்டன் டிஸ்ட்ரிக்ட்' அப்படி வந்தது.

இவர்கள் வீடு தெருவை விட்டுத் தள்ளி, தோட்டத்துக்கு நடுவே நிற்கும். உள்ளே நடைவழியும் படிக்கட்டும் கட்டாயம். முகப்பில் கீழே ஒரு தாழ்வாரம், மேலே ஒரு தாழ்வாரம். இதற்கு 'டபுள் கேலரி' வீடு என்று பெயர். பழக்கம் அமெரிக்கா, நிழல் லூசியானா.

பம்பும் ஏசியும் வந்தன, பாடம் மறந்தது

நியூ ஆர்லியன்ஸின் பழைய பகுதிகள் எல்லாம் ஆற்றங்கரையை ஒட்டிய மேட்டில் இருக்கின்றன. நூற்றாண்டுகளாக ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல்தான் அந்த மேடு. பின்னால் இருந்த சதுப்பு நிலத்தில் யாரும் வீடு கட்டவில்லை.

1913-ல் பொறியாளர் ஆல்பர்ட் பால்ட்வின் வுட் வடிவமைத்த பெரிய திருகு பம்புகள் நிலைமையை மாற்றின. சதுப்பு நிலத்தின் தண்ணீரை இறைத்து வெளியேற்ற முடிந்தது. அங்கே வீடுகள் வந்தன. தண்ணீர் போன மண் சுருங்கிக் கீழே இறங்கியது. இன்று நகரத்தின் ஏறக்குறைய பாதி, கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஏசி வந்தது. இனி தாழ்வாரம் எதற்கு, உயரமான உள்கூரை எதற்கு? நாடு முழுக்கக் கட்டும் அதே தரையோடு தரையான வீடுகளை இங்கேயும் கட்டினார்கள். கத்ரீனாவில் அதிகம் அடிபட்டவற்றில் இந்தப் பகுதிகள் முக்கியமானவை.

பழைய வீடுகள் எல்லாமே தப்பிவிட்டன என்று சொல்ல முடியாது. லோயர் நைன்த் வார்டு பகுதியில் கால்வாய்ச் சுவர் உடைந்து பாய்ந்த தண்ணீர், கால்கள் மேல் நின்ற மரவீடுகளையே பெயர்த்துத் தள்ளியது. மூன்றடி உயரம் மூன்றடி வெள்ளத்துக்குத்தான் பதில், உடைந்த கரைக்குப் பதில் ஆகாது.

பிறகு புதிதாகக் கட்டியவையும் சோதனைக்கு உள்ளாயின. நடிகர் பிராட் பிட் தொடங்கிய தொண்டு அமைப்பு அதே பகுதியில் 100-க்கும் மேற்பட்ட நவீன வீடுகளைக் கட்டியது. கால்கள் மேல் உயர்த்தித்தான் கட்டினார்கள். ஆனால் சில வீடுகளில் தட்டைக் கூரை, வெளியே நீளாத ஓரம். மழைநீர் கசிந்து மரம் உளுத்தது, வழக்கு வரை போனது. 18-ம் நூற்றாண்டுத் தச்சர் கூரையை ஏன் அவ்வளவு நீட்டினார் என்பது அப்போது புரிந்தது.

இந்த வீடுகளுக்கு இன்று என்ன ஆபத்து?

பிரெஞ்ச் குவார்ட்டரைக் காக்க 1930-களிலேயே தனி ஆணையம் வந்துவிட்டது. ஏழைகளின் வீடுகளுக்கு அந்த அக்கறை கிடைக்கவில்லை. லூயி ஆம்ஸ்ட்ராங் பிறந்த சின்ன வீடு 1964-ல் இடிக்கப்பட்டது. ட்ரேமே பகுதியின் கிளைபோர்ன் சாலையில் வரிசையாக நின்ற ஓக் மரங்கள் 1966-ல் வெட்டப்பட்டு, அந்த இடத்தில் உயர்மட்ட நெடுஞ்சாலை வந்தது. பிரெஞ்ச் குவார்ட்டர் ஆற்றங்கரையில் திட்டமிட்ட இன்னொரு நெடுஞ்சாலையோ எதிர்ப்புக்குப் பிறகு 1969-ல் கைவிடப்பட்டது. எந்த வீடு காப்பாற்றப்படுகிறது என்பதில் யாருடைய வீடு என்ற கேள்வியும் இருக்கிறது.

இன்றைய பிரச்னைகள் வேறு மாதிரி:

காப்பீடு - 2020-ல் லாரா, 2021-ல் ஐடா புயல்களுக்குப் பிறகு மாநிலத்தில் பல காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாகின. பிரீமியம் எகிறியது. தாத்தா காலத்து வீட்டில் இருப்பவருக்கு வரியையும் காப்பீட்டையும் கட்டுவதே பெரும்பாடு.

சுற்றுலா வாடகை - ட்ரேமே, மரின்யி பகுதிகளில் பல வீடுகள் பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போய்விட்டன. இரண்டு குடும்பம் வாழ்ந்த டபுள் ஷாட்கனின் நடுச்சுவரை உடைத்து ஒரே பெரிய வீடாக்குவதும் நடக்கிறது. வீடு காப்பாற்றப்படுகிறது, அக்கம்பக்கம் காலியாகிறது.

கரையான் - இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கப்பல்களில் வந்த ஃபார்மோசா கரையான், உள்ளூர்க் கரையானை விட வேகமாக மரத்தைத் தின்கிறது.

பராமரிப்பு - ஐடா புயல் வந்ததும் ஆகஸ்ட் 29-ம் தேதிதான், கத்ரீனாவுக்குச் சரியாக 16 ஆண்டுகள் கழித்து. சிறுவன் ஆம்ஸ்ட்ராங்குக்கு வேலை கொடுத்த கர்னோஃப்ஸ்கி குடும்பத்தின் தையல் கடைக் கட்டடம், அந்தப் புயலில் இடிந்து விழுந்தது. பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த கட்டடம் அது.

ஒரே பார்வையில் அடையாளம் காண்பது எப்படி?

தெருவை ஒட்டிய சதுர வீடு, முகப்பில் நான்கு திறப்பு: கிரியோல் காட்டேஜ்.

கீழே கடை, மேலே மாடம், உள்ளே முற்றம்: கிரியோல் டவுன்ஹவுஸ்.

முன் தாழ்வாரத்திலேயே மாடிப்படி: கேஜன் வீடு.

இரண்டு அறை, நடுவே திறந்த வழி: டாக்ட்ராட்.

ஒரு அறை அகலம், ரயில் பெட்டி வரிசை: ஷாட்கன். பின்னால் திமில் இருந்தால் கேமல்பேக்.

தோட்டத்துக்கு நடுவே, கீழும் மேலும் தாழ்வாரம்: டபுள் கேலரி.

கத்ரீனாவுக்குப் பிறகு, வெள்ளம் வரும் பகுதிகளில் வீட்டைத் தரைமட்டத்திலிருந்து உயர்த்த வேண்டும் என்ற விதிகள் கடுமையாகின. தரையோடு கட்டிய வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் தூண்கள் கொடுத்தார்கள். 1722 புயலுக்குப் பிறகு கட்டியவர்கள் கண்டுபிடித்த அதே வழி. இடையில் அதை மறந்திருந்ததற்கு ஊர் கொடுத்த விலைதான் அதிகம்.